டார்ட்மத் காலேஜ் ஃபுட்பால் கேம்ப்: கோச்சுங்க எப்படி? ஒரு அம்மாவோட ரிவ்யூ

அமெரிக்கால ஹைஸ்கூல்ல ஃபுட்பால் (ஹெல்மெட் போட்டு மோதுற ஃபுட்பால்தான்) ஆடுற பசங்கள வச்சிருக்க நம்மாளுங்க ரொம்ப கம்மி, அதனால காலேஜ் ஃபுட்பால் கேம்ப் (ஹைஸ்கூல் பசங்களுக்கு காலேஜ்ல நடத்துற, கோச்சுங்க ஆளையும் எடை போடுற பயிற்சி முகாம்) பத்தி தமிழ்ல எழுதுனது எதுவும் என் கண்ணுல படல. நான் தேடுனப்ப கிடைச்சிருந்தா நிறைய அலைச்சல் மிச்சமாயிருக்கும், அதான் உக்காந்து எழுதுறேன். முடிவ முதல்லயே சொல்லிடுறேன். நியூ ஹாம்ப்ஷயர்ல ஹானோவர்ங்கற சின்ன ஊர்ல இருக்க டார்ட்மத் காலேஜோட சம்மர் ஃபுட்பால் கேம்ப், குறிப்பா அத நடத்துற கோச்சிங் ஸ்டாஃப், என் பார்வைல அஞ்சுக்கு அஞ்சு.

கிரவுண்டு, டிஷர்ட், ஃபோட்டோ இதெல்லாம் எந்த காலேஜ் கேம்ப் போனாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் யாருகிட்ட பையன விடுறோம்ங்கறதுலதான். அதனால இந்த ரிவ்யூ முழுக்க கோச்சுங்கள பத்திதான், சாப்பாடு பத்தியோ பார்க்கிங் பத்தியோ எதிர்பாக்காதீங்க.

எனக்கு இருந்த பயம் ஒண்ணே ஒண்ணுதான், தலை. 2017ல போஸ்டன் யுனிவர்சிட்டி ஆளுங்க ஜாமா மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஸ்டடி போட்டாங்க, ஃபுட்பால் ஆடுனவங்கள்ல இறந்துபோன 202 பேரோட மூளைய பரிசோதிச்சதுல 177 பேருக்கு சிடிஇ (தலைல திரும்ப திரும்ப அடி வாங்குறதால வர்ற மூளை நோய்), அதுல என்எஃப்எல்ல (அமெரிக்காவோட ப்ரொஃபஷனல் ஃபுட்பால் லீக்) ஆடுனவங்க 111 பேர்ல 110 பேருக்கு இருந்திருக்கு. குடும்பத்துக்கு ஏற்கனவே சந்தேகம் வந்து தானமா குடுத்த மூளைங்கதான் அதுல பெரும்பாலும், அதனால ஃபுட்பால் ஆடுற எல்லாருக்கும் வரும்னு அர்த்தமில்ல, அது எனக்கும் தெரியும். ஆனா அத படிச்ச அம்மாவுக்கு தூக்கம் வருமா சொல்லுங்க. பையன் டிஃபென்சிவ் பேக் ஆடுறான், ஓடி வர்றவன கீழ தள்ளுறதுதான் வேலையே. நிறுத்துடான்னு சொல்லி பாத்தாச்சு, அவனுக்கு இந்த ஆட்டம்னா உசுரு. சரி, நிறுத்த முடியலன்னா ஒழுங்கா சொல்லிக்குடுக்குற ஆளையாவது தேடுவோம்னு என் வீட்டுக்காரரும் நானும் இறங்குனோம், அப்படித்தான் டார்ட்மத்ல ஹெட் கோச்சா இருந்த பட்டி டீவன்ஸ்ங்கற பேரு கண்ணுல பட்டுச்சு.

இந்த மனுஷன பத்தி சொல்லாம டார்ட்மத் கோச்சுங்கள பத்தி பேசவே முடியாது. டார்ட்மத்லயே படிச்சவரு, 1978ல ஐவி லீக் (ஹார்வர்ட், யேல் மாதிரி எட்டு காலேஜ் சேந்த லீக்) ஜெயிச்ச டீமோட குவார்ட்டர்பேக் (பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துறவரு) அவருதான், அப்புறம் அங்கயே கோச்சா இருந்துட்டு டுலேன், ஸ்டான்ஃபோர்ட்னு சுத்திட்டு 2005ல திரும்பி வந்தாரு. வந்ததும் சுக்கிரதிசை ஒண்ணும் அடிக்கல. 2008ல ஆடுன 10 மேட்ச்லயும் தோல்வி, 2009ல ரெண்டே ரெண்டு வெற்றி. வேலையே போயிடுங்கற நிலைமைல எந்த கோச்சா இருந்தாலும் பசங்கள இன்னும் முரட்டுத்தனமா பிழிஞ்செடுப்பாரு. இவரு 2010ல என்ன பண்ணாரு தெரியுமா, பிராக்டிஸ்ல ஒருத்தன ஒருத்தன் டேக்கிள் பண்ணவே (புடிச்சு கீழ தள்ளவே) கூடாதுன்னுட்டாரு. ஒரு பையன் டார்ட்மத்துல சேந்து நாலு வருஷம் முடிச்சு போற வரைக்கும் தன்னோட டீம்மேட்ட ஒரு தடவ கூட டேக்கிள் பண்ண மாட்டான். டேக்கிள் எல்லாம் டம்மி (ஆள் மாதிரி பொம்மை) மேல, பேட் மேல, மேட் மேலதான்.

பைத்தியக்காரத்தனம்னு நினைச்சவங்க நிறைய பேரு, பசங்க மெத்துன்னு ஆயிடுவாங்கன்னு பேச்சு. ஆனா கணக்கு பாருங்க, மேட்ச் நடக்குறது வாரத்துக்கு ஒரு நாள், பிராக்டிஸ் மத்த நாளெல்லாம். தலைல வாங்குற அடில பெரும்பங்கு சேர்றது பிராக்டிஸ்லதான், அத நிறுத்துனா பாதி சண்டை ஓஞ்ச மாதிரி. அந்த வருஷமே 6 மேட்ச் ஜெயிச்சாங்க. 2015ல 9-1 (9 வெற்றி, 1 தோல்வி), ஐவி லீக் டைட்டில்ல வேற டீமோட சேந்து பங்கு. 2019லயும் 2021லயும் அதே 9-1, அதே மாதிரி பங்கு. மெத்துன்னு ஆன டீம் இப்படியா ஜெயிக்கும்?

டம்மி நின்ன இடத்துல நிக்கும், ஆள் ஓடுவான், அப்ப எப்படி பழகுறதுன்னு ஒரு கேள்வி வரும்ல. அதுக்கு அங்கயே இருக்க தேயர் இன்ஜினியரிங் ஸ்கூல் பசங்க ஒரு ரோபோ டம்மி செஞ்சு குடுத்தாங்க, எம்விபின்னு பேரு, ரிமோட்ல ஓடும், திரும்பும், தள்ளிவிட்டா தானா எந்திரிச்சு நிக்கும். 2015ல வெளிய காட்டுனாங்க, அடுத்த வருஷமே பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ்ங்கற என்எஃப்எல் டீம் அத வாங்கி டிரெய்னிங்ல இறக்குனாங்க. ஃபுட்பால் கோச் ஒருத்தரு இன்ஜினியரிங் பசங்களோட உக்காந்து இத யோசிச்சிருக்காருன்னு படிச்சப்பவே எனக்கு பாதி மனசு சாஞ்சிருச்சு.

2016ல ஐவி லீக்ல இருக்க எட்டு காலேஜ் ஹெட் கோச்சுங்களும் ஒரே குரல்ல சீசன் நடக்குறப்ப பிராக்டிஸ்ல ஃபுல் கான்டாக்ட் டேக்கிள் வேணாம்னு முடிவு பண்ணாங்க. அதே வருஷம் கிக்ஆஃப் (ஆட்டத்த ஆரம்பிக்க பந்த எதிர் டீம் பக்கம் உதைக்கிறது) அடிக்குற இடத்த 35 யார்ட் லைன்லேர்ந்து 40க்கு தள்ளுனாங்க, பந்து எண்ட் ஸோனுக்குள்ள (கிரவுண்டோட கடைசி பட்டைக்குள்ள) போயிடும், ரெண்டு பக்கமும் முழு வேகத்துல ஓடி வந்து மோதிக்க வேண்டிய அவசியம் குறையும்னு. பெரிய மாத்தமெல்லாம் இல்ல, வெறும் 5 யார்ட். 1000 கிக்ஆஃபுக்கு 11 கன்கஷன் (தலைல அடிபட்டு மூளை கலங்குறது) கிட்ட இருந்தது 2 கிட்ட இறங்கிருச்சுன்னு 2018ல அதே ஜாமால வந்துச்சு. யோசிக்கிற கோச்சுங்க இருந்தா ஒரு கோட்ட நகர்த்தியே பசங்க தலைய காப்பாத்தலாம், இத படிச்சுட்டு நான் அழுதேன்னே சொல்லலாம்.

சரி கேம்ப்புக்கு வர்றேன். நாங்க போன செஷன்ல யாரும் யாரையும் தரைல போட்டு உருட்டல. டிஃபென்சிவ் பேக் குரூப்ல முதல்ல ரொம்ப நேரம் கால்தான். ஓடி வர்றவன்கிட்ட எந்த ஆங்கிள்ல போகணும், கிட்ட வந்ததும் ஸ்டெப்ப எப்படி சின்னதாக்கணும், இடுப்ப எவ்வளவு தாழ்த்தணும், அப்புறம்தான் தோள். நம்ம ஊர்ல சிலம்பம் ஆசான் கம்ப கைல குடுக்குறதுக்கு முன்னாடி காலடி வரிசைய தேயத்தேய பழக்குவாருல்ல, எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. தலைய ஒதுக்கி வச்சுக்கோ, தோள்பட்டை முதல்ல போகட்டும், கண்ணு மேல பாக்கட்டும், கைய சுத்தி புடின்னு ஒவ்வொண்ணா பிரிச்சு பிரிச்சு, தப்பு பண்ணா கத்தாம நிறுத்தி மறுபடி செய்ய வச்சாங்க. பையனோட ஸ்கூல்ல இதுக்கு முன்னாடி அவனுக்கு கிடைச்ச அட்வைஸ் போய் அடிடாங்கறது மட்டும்தான். ஏன் அடிக்கணும், எப்படி அடிச்சா ரெண்டு பேரும் எந்திரிச்சு நடந்து போகலாம்னு யாரும் சொல்லிக்குடுத்ததில்ல. வீட்டுக்கு வந்து தம்பிய ஹால்ல நிக்க வச்சு சோஃபா குஷன்ல எனக்கு டெமோ காட்டுனான்னா பாத்துக்கோங்க.

இன்னொன்னு, பேர கேட்டு அந்த பேர திரும்ப திரும்ப சொன்னாங்க. நம்ம பசங்க பேரு அவங்க வாய்க்கு வராது, பாதி இடத்துல சுருக்கி ஏதாவது ஒண்ணு வச்சுருவாங்க, இங்க ஒரு கோச் ரெண்டு மூணு தடவ கேட்டு சரியா சொல்ற வரைக்கும் விடல. சின்ன விஷயம்தான், என் பையனுக்கு சின்னதில்ல.

இத இன்னொரு இடத்தோட ஒப்பிட்டாதான் புரியும். பேரு வேணாம், டிவில தெரியுற பெரிய ஃபுட்பால் காலேஜ், அங்கயும் கேம்ப்புக்கு போனோம். கிரவுண்டு நிறைய பசங்க, டீமுக்கு எடுக்க ஏற்கனவே லிஸ்ட்ல இருக்க கொஞ்சம் பேர சுத்தி மொத்த ஸ்டாஃபும் நின்னாங்க, மத்த பசங்களுக்கு டிரில் நடத்துனது டிஷர்ட் போட்ட காலேஜ் ஸ்டூடண்ட்ஸ். என் பையன் கோச்சோட ஒரு வார்த்த பேசாம திரும்பி வந்தான், காசு மட்டும் சரியா வாங்கிட்டாங்க. ஒரு விஷயம் நம்ம பேரண்ட்ஸ் தெரிஞ்சுக்கணும், உங்க பையன கேம்ப்புக்கு அழைக்கிறோம்னு மெயில் வந்தா உடனே சொந்தக்காரங்களுக்கெல்லாம் ஃபோன் போடாதீங்க. என்சிஏஏ (காலேஜ் விளையாட்ட நடத்துற அமைப்பு) ரூல்படி இந்த கேம்ப்லாம் வயசு, கிளாஸ், ஆணா பொண்ணா, எண்ணிக்கைன்னு மட்டும்தான் லிமிட் வைக்கலாம், மத்தபடி யார் வேணா பணம் கட்டி வரலாம். மெயில் ஆயிரம் பேருக்கும் போகும். அது டீம்ல சேத்துக்குறோம்ங்கற ஆஃபர் இல்ல.

டீவன்ஸ் பத்தி இன்னும் ஒண்ணு சொல்லியே ஆகணும், எனக்கு பொண்ணும் இருக்கா, அதனால இது மனச தொட்டுச்சு. லூசியானால மேனிங் பாஸிங் அகாடமின்னு பழைய என்எஃப்எல் குவார்ட்டர்பேக் ஆர்ச்சி மேனிங் குடும்பம் நடத்துற பெரிய குவார்ட்டர்பேக் கேம்ப் இருக்கு, அத நடத்துறதுல டீவன்ஸுக்கு ஆரம்பத்துலேர்ந்தே பங்கு இருந்துச்சு. அங்க லேடீஸுக்கு நடந்த கிளினிக்ல கேலி பிரவுன்சன்னு ஒருத்தங்கள பாத்து டார்ட்மத்துக்கு கூப்பிட்டாரு, 2018ல முழுநேர கோச்சா வேலை போட்டு குடுத்தாரு. டிவிஷன் 1 (காலேஜ் விளையாட்டோட மேல்மட்டம்) ஃபுட்பால்ல முழுநேர வேலைல ஒரு பெண் கோச் அதுவரைக்கும் கிடையாது. அவங்க அப்புறம் என்எஃப்எல்ல கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ்க்கு போனாங்க. 2019ல டார்ட்மத்துக்கு வந்த ஜெனிஃபர் கிங் 2021ல வாஷிங்டன் டீம்ல முழுநேர அசிஸ்டண்ட் ஆனாங்க, என்எஃப்எல்ல அந்த வேலைக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவங்கதான். ஒரு சின்ன ஊரு காலேஜ்லேர்ந்து இது நடந்திருக்கு.

2023 மார்ச்ல ஃபுளோரிடால சைக்கிள்ல போறப்ப ஆக்ஸிடண்ட் ஆகி டீவன்ஸுக்கு முதுகுத்தண்டுல அடி, கால் ஒண்ண எடுக்க வேண்டியதாயிருச்சு, செப்டம்பர்ல இறந்துட்டாரு. 66 வயசு. சீசன் அப்பதான் ஆரம்பிச்சிருந்துச்சு. பொதுவா ஹெட் கோச் போனா மொத்த ஸ்டாஃபும் கலைஞ்சுரும், புது ஆளு தன்னோட ஆளுங்கள கூட்டிட்டு வருவாரு, போன வருஷம் உங்க பையன்கிட்ட பேசுன கோச் இந்த வருஷம் எந்த ஸ்டேட்ல இருக்காருன்னே தெரியாது. இங்க 2005லேர்ந்து டீவன்ஸோடவே இருந்த சாமி மெக்கார்க்கிள் பொறுப்பெடுத்தாரு. ஃபுளோரிடா யுனிவர்சிட்டிக்கு ஆடுனவரு, டார்ட்மத்ல டிஃபென்சிவ் பேக்ஸும் ஸ்பெஷல் டீம்ஸும் (கிக்ஆஃப் மாதிரி பந்த உதைக்கிறப்ப இறங்குற குரூப்) பாத்துக்கிட்டவரு. அந்த துக்கத்தோடயே 2023 ஐவி டைட்டில்ல பங்கு, 2024லயும் பங்கு. 2024ல ஸ்டேடியத்துக்கு டீவன்ஸ் பேர வச்சாங்க. ஒரு பெரியவரு போன பின்னாடியும் அவரு கத்துக்குடுத்தது அப்படியே நிக்குதுன்னா அந்த ஸ்டாஃப் மேல எனக்கு நம்பிக்க வராம எப்படி, அதுவும் இப்ப தலைமைல இருக்கறவரு என் பையன் ஆடுற பொசிஷன்லேர்ந்து வந்தவரு.

யாருக்கு இது சரிப்படாதுன்னும் சொல்லணும். ஃபுட்பால் வச்சு ஃபுல் ஸ்காலர்ஷிப் வாங்கணும்னா இங்க வராதீங்க, ஐவி லீக்ல ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் கிடையவே கிடையாது, குடும்ப வருமானத்த பாத்து குடுக்குற உதவி மட்டும்தான். ஆனா அந்த உதவி சாதாரணமில்ல, வருஷம் 125,000 டாலருக்குள்ள வருமானம் இருந்து பெருசா சொத்தும் இல்லன்னா பேரண்ட்ஸ் கைலேர்ந்து காசு கேக்கறதில்லன்னு 2024ல அறிவிச்சாங்க. நம்மாளுங்கள்ல ரெண்டு பேரும் ஐடில இருந்தா அந்த கோட்ட தாண்டிருவோம், அது வேற கதை, முதல்லயே கால்குலேட்டர்ல போட்டு பாத்துக்கோங்க. மார்க்கும் வேணும், கோச்சுக்கு புடிச்சா மட்டும் சீட்டு கிடைச்சுராது, எஸ்ஏடி இல்லன்னா ஏசிடி (காலேஜ்ல சேர எழுதுற டெஸ்ட்) ஸ்கோரும் மறுபடி கட்டாயமாக்கிட்டாங்க. கேம்ப்புக்கு போறப்ப டிரான்ஸ்கிரிப்ட் (ஸ்கூல் மார்க் ஷீட்) காப்பி ஒண்ணு பையன் பைல இருக்கட்டும்.

போஸ்டன்லேர்ந்து கார்ல ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. ஆர்டிஃபிஷியல் டர்ஃப், வெயில்ல சூடு ஏறும், தண்ணி நிறைய எடுத்துக்கோங்க, நம்ம பசங்களுக்கு சன்ஸ்கிரீன் வேணாம்னு நினைக்காதீங்க.

எந்த காலேஜ் கேம்ப்புக்கு போனாலும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி மெயில் போட்டு கேளுங்க: டிரில் நடத்துறது காலேஜோட கோச்சுங்களா இல்ல வெளியாளா, ஒரு கோச்சுக்கு எத்தன பசங்க, டேக்லிங் எப்படி சொல்லிக்குடுக்குறீங்க, பையன் தலைல அடிபட்டா அந்த இடத்துல அத்லெடிக் டிரெய்னர் இருக்காங்களா. பதில் வரலன்னாலோ சுத்தி வளைச்சு வந்தாலோ அந்த காச வேற எதுக்காவது வச்சுக்கோங்க. டிஃபென்ஸ் ஆடுற பசங்களோட அம்மாக்களுக்கு ஏதாவது கேக்கணும்னா கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். அடுத்த சம்மருக்கும் நாங்க டார்ட்மத்துக்குத்தான் போறோம், இந்த தடவ பொண்ணும் வந்து பாக்கணும்ங்கறா.