ஆட்டுக் கண்ணுக்கு 21,240 ரூபாய்: ஃபேகோ பயிற்சிக்குப் பணம் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

கடலூர், விழுப்புரம், புதுச்சேரி பக்கம் தனியாக கிளினிக் வைத்திருக்கும் கண் மருத்துவர்களுக்கும், இப்போதுதான் பி.ஜி. முடித்து வெளியே வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இந்தப் பதிவு. ஃபேகோ என்றால் அல்ட்ராசவுண்டால் கண்புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன். புதுச்சேரியில் ஈ.சி.ஆர். ஓரம் ஒரு ஓட்டலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த 'ஒரு நாள் ஃபேகோ நேரடிப் பயிற்சி'க்கு 18,000 ரூபாயும் அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் கட்டினேன். மொத்தம் 21,240. கிடைத்தது ஒரு மதியச் சாப்பாடு, ஒரு துணிப்பை, பொய் எழுதிய ஒரு சான்றிதழ். நடத்தியவர்களின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அது ஒரு காரணம். இவர்கள் ஊருக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்கிற ஆட்கள், பெயர் சொல்லிப் பிரயோஜனமில்லை என்பது இன்னொரு காரணம். பெயர் மாறினாலும் வேலை செய்கிற விதம் மாறாது, அதைச் சொல்கிறேன்.

இந்த மாதிரிப் பயிற்சிக்கு ஏன் கூட்டம் சேருகிறது என்று நமக்குத் தெரியாததில்லை. பி.ஜி. காலத்தில் எஸ்.ஐ.சி.எஸ்., அதாவது சின்னக் கீறல் வழியாக மெஷின் இல்லாமல் கையாலேயே புரையை எடுக்கும் முறை, நன்றாகப் படிந்துவிடும். முகாமில் வருகிற கேட்டராக்ட் (கண்புரை) பெரும்பாலும் அதில்தான் போகும். ஃபேகோ மெஷினில் உட்கார்ந்து ஒரு கேஸை முதலிலிருந்து கடைசி வரை செய்ய எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? வெளியே வந்து பண்ருட்டியிலோ நெல்லிக்குப்பத்திலோ போர்டு மாட்டினால் வருகிறவர் முதலில் கேட்பது, "லேசர்லதானே டாக்டர் செய்வீங்க?" அவர் லேசர் என்று சொல்வது ஃபேகோவைத்தான். எஸ்.ஐ.சி.எஸ். முறையில் ஆறு ஏழு மில்லிமீட்டர் டன்னல் கீறல் போட்டு, தையல் இல்லாமல், எவ்வளவு சுத்தமாக முடித்தாலும் அவருக்கு அது பழைய ஆபரேஷன். ஆக, ஃபேகோ பழகியே தீர வேண்டும். ஃபுட் பெடலில் முதல் நிலையில் தண்ணீர், இரண்டாவதில் உறிஞ்சல், மூன்றாவதில் அல்ட்ராசவுண்ட். இதை வாயால் சொல்ல அரை நிமிஷம் போதும். காலுக்கு அது தானாக வர நாள் பிடிக்கும். அந்தப் பழக்கத்தை நோயாளியின் கண்ணில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குத்தான் வெட் லேப், அதாவது ஆட்டுக் கண்ணில் செய்து பழகுகிற இடம்.

நம் பக்கத்தில் கண் மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. தவளக்குப்பத்தில் அரவிந்த் இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் ஒழுங்காக ஃபேகோ பழகுவதென்றால் வாரக்கணக்கில் கிளினிக்கை மூடிவிட்டு உட்கார வேண்டும். வாடகையும் ஸ்டாஃப் சம்பளமும் யார் கொடுப்பது? இந்த ஒரு நாள் ஆட்கள் நம்மைப் பிடிப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

விளம்பர நோட்டீஸில் இருந்ததை அப்படியே தருகிறேன். ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு இரண்டு பேர். தலைக்கு ஆறு கண். கெட்டி கேட்டராக்ட் மாடல் தனியாக. தொடர் மருத்துவக் கல்விக் கணக்கில் ஏறும் 6 கிரெடிட் மணி நேரம். இதெல்லாம் போதாதென்று, சர்வதேச ஃபெலோஷிப் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள நாலு எழுத்து. பயிற்சி தருகிறவர்கள் 'முன்னணி நிபுணர்கள்'. ஒருவர் பெயரும் கிடையாது.

காலை நேரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதிவு செய்த வீடியோக்கள் ஓடின, அவற்றில் சிலவற்றை நான் ஏற்கெனவே இணையத்தில் இலவசமாகப் பார்த்திருக்கிறேன். டீக்குப் பிறகு ஒரு லென்ஸ் விற்பனைப் பிரதிநிதி ஏறி, மல்டிஃபோகல் லென்ஸை (தூரம், கிட்டம் இரண்டுக்குமானது) நோயாளி குடும்பத்திடம் எப்படிப் பேசி ஒத்துக்கொள்ள வைப்பது என்று மதியம் வரை வகுப்பெடுத்தார். யாருக்கு அந்த லென்ஸ் வைக்கக் கூடாது என்று ஒரு ஸ்லைடு இல்லை. மேக்குலாவில் (விழித்திரையின் நடுப்பகுதி) கோளாறு இருக்கிறவருக்கு என்ன செய்வீர்கள் என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டதற்கு, "அது அட்வான்ஸ்டு மாட்யூல்ல வரும் மேடம்" என்றார். அதற்குத் தனிக் கட்டணமாம்.

மதியம்தான் விஷயம். ஹாலில் மூன்று மைக்ரோஸ்கோப். நாங்கள் இருபதுக்கு மேல். மெஷின் இரண்டு இருந்தது, அதில் ஒன்றின் ஹேண்ட்பீஸ் (கையில் பிடிக்கும் கருவி) கடைசி வரை டியூன் ஆகவில்லை, திரையில் எர்ரர் காட்டிக்கொண்டே இருந்தது. மேசைக்கு ஒரு ஆள் நின்றார். எங்கள் மேசையில் நின்றவர் டாக்டரே இல்லை, மெஷினுக்கு சர்வீஸ் பார்க்கிறவர். பாவம், மனிதர் நல்லவர்தான், ஆனால் ரெக்சிஸ், அதாவது லென்ஸ் உறையில் வட்டமாகக் கிழிக்கும் திறப்பு, ஓரத்துக்கு ஓடினால் அவர் என்ன சொல்லித் தர முடியும்?

ஆட்டுக் கண்ணில் பழகியவர்களுக்குத் தெரியும், அதில் நேரம்தான் எல்லாம். அறுத்த சில மணி நேரத்துக்குள், ஈரம் காயாமல், ஐஸில் வைத்துக் கொண்டுவந்தால் கார்னியா, அதாவது கண்ணின் முன்பக்கப் படலம், தெளிவாக இருக்கும். நேரம் ஆக ஆக அதன் உள்பக்கச் செல் அடுக்கான எண்டோதீலியம் வேலை செய்யாது, கார்னியா நீர் கோத்து வெளுத்துப்போகும். எங்கள் முன்னால் தெர்மோகோலில் குண்டூசி குத்தி வைத்திருந்த கண், தோலுரித்த அவித்த முட்டை மாதிரி இருந்தது. ஐரிஸே மங்கலாகத்தான் தெரிந்தது, லென்ஸைச் சுற்றிய உறையான கேப்ஸ்யூல் எங்கே தெரியப் போகிறது. அந்த உறையை நீலமாக்கிக் காட்டும் டிரிப்பான் புளூ கேட்டேன். "ஸ்டாக் வரல சார்." விரலால் தொட்டால் கண் தொளதொளவென்று அமுங்கியது. பின்பக்கமாக ஊசியில் கொஞ்சம் சலைன் ஏற்றினால்தான் கெட்டிப்படும், அதற்கும் ஆள் இல்லை. நானே ஏற்றினேன். முந்தின நாளே வாங்கி ஃப்ரீசரில் போட்டுவிட்டார்களாம், விசாரித்ததில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், புதுச்சேரியில், அன்று அறுத்த ஆட்டின் கண் கிடைக்கவில்லை என்று சொன்னால் கறிக்கடைக்காரர் சிரிப்பார்.

கெட்டி கேட்டராக்ட் மாடல் என்று போட்டிருந்தார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இளம் ஆட்டின் லென்ஸ் மெத்தென்று இருக்கும். அதில் டிரெஞ்ச் (பள்ளம்) வெட்டிப் பிளக்கிற பாடம் வராது, ஹேண்ட்பீஸ் முனையைக் கொண்டுபோனாலே உறிஞ்சிக்கொண்டு வந்துவிடும். நம் ஊரில் வயலில் வேலை செய்து, கண்ணே தெரியாமல் போன பிறகு வருகிற பெரியவரின் பழுப்பேறிய நியூக்ளியஸ் (லென்ஸின் நடுப்பகுதி) அப்படியா இருக்கிறது? அதற்காகத்தான் லென்ஸுக்குள் ஃபார்மலின் செலுத்தி இறுக்கி வைத்துப் பழகுவார்கள். பெரிய செலவுமில்லை. அந்த மாடல் எங்கே என்று கேட்டேன். அடுத்த பேட்சுக்கு வருமாம்.

என் முறை வந்தது. கீறல் போட்டேன், விஸ்கோ (கண்ணுக்குள் இடம் பிடித்துத் தரும் ஜெல்) ஏற்றினேன், தெரிந்தும் தெரியாமலும் ரெக்சிஸ் ஆரம்பித்தேன், அது ஓரத்துக்கு ஓடியது. வேறு கண் கேட்பதற்குள் "நெக்ஸ்ட் சார்" என்று தோளில் கை. ஆறு கண் என்று சொன்னவர்கள் ஒரு கண்ணையே இரண்டு பேருக்குப் பங்கு வைத்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற இளம் பெண் மருத்துவர், மருத்துவமனையில் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது என்றார், ஃபுட் பெடலில் கால் வைக்கவே இல்லை. அவர் முறைக்குள் ஹாலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், சாயங்காலம் அங்கே ஒரு ரிசப்ஷன்.

மாலையில் சான்றிதழ். காலையிலேயே பதிவு மேசையில் கையெழுத்தோடு அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்திருந்தேன். எல்லோருக்கும் ஒரே வாசகம்: ஃபேகோவின் அனைத்துப் படிகளையும் வெட் லேபில் தனித்துச் செய்து தேர்ச்சி பெற்றார். பெடலில் கால் வைக்காத அந்தப் பெண்ணுக்கும் அதே. அவர் என்னிடம் கேட்டது, "சார், இதைக் காட்டினா எங்க ஹாஸ்பிடல்ல எனக்கு கேஸ் குடுப்பாங்களா?" பணம் போனதற்கு நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். இந்தக் காகிதத்தை நம்பி ஒரு நிர்வாகம் அவருக்கு கேஸ் கொடுத்துவிடக்கூடும். லென்ஸ் உறையின் பின்பக்கமான போஸ்டீரியர் கேப்ஸ்யூல் கிழிந்து நியூக்ளியஸ் விட்ரியஸுக்குள் (கண்ணின் பின்பகுதி ஜெல்) விழுந்தால், நோயாளியைத் தூக்கிக்கொண்டு ரெடினா சர்ஜன் இருக்கிற ஊருக்கு ஓட வேண்டும். அன்றைக்குப் பதில் சொல்ல நிற்பது அந்தப் பெண்தான், ஓட்டலில் ஹால் பிடித்தவர்கள் இல்லை.

அப்புறம் கிரெடிட் விவகாரம். 2002ஆம் ஆண்டின் தொழில் ஒழுக்க விதிகள், ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ளச் சொல்கின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளைக் கொண்டுவந்து அதே மாதம் நிறுத்தி வைத்தது, பழைய விதியே திரும்ப வந்தது. அந்த 30 மணி நேரமும் தகுதியான கல்வி அமைப்போ அங்கீகாரம் பெற்ற அமைப்போ நடத்தியதாக இருக்க வேண்டும். எங்கள் சான்றிதழில் மருத்துவ கவுன்சிலின் முத்திரை மாதிரி ஒன்று இருந்தது, கீழே '6 கிரெடிட்' என்று இருந்தது. அனுமதி எண் இல்லை. சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் அலுவலகத்தில் கேட்டேன். அந்தத் தேதியில் அந்த இடத்தில் அப்படி ஒரு நிகழ்ச்சிக்கு அனுமதியே வாங்கவில்லை என்றார்கள். ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டால், "ப்ராசஸ்ல இருக்கு சார், கண்டிப்பா ஏறிடும் சார்." நடந்து முடிந்த நிகழ்ச்சிக்கு இனிமேல் என்ன ப்ராசஸ்?

ஃபெலோஷிப் எழுத்துகளைப் போர்டில் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். தயவு செய்து வேண்டாம். அங்கீகரித்த பட்டங்களையும், தொழில் அறிவையோ சிறப்புத் தகுதியையோ உண்மையாகக் காட்டும் சான்றுகளையும்தான் பெயரோடு போடலாம் என்று அதே 2002 விதிகளில் இருக்கிறது. ஒரு மத்தியானத்தில் வந்த எழுத்துக்காக கவுன்சிலில் போய் நிற்க வேண்டாம்.

ரசீதைப் பார்த்துத்தான் எனக்குப் பிடி கிடைத்தது. ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து, புதுச்சேரிப் பதிவென்றால் 34 என்று தொடங்கும், தமிழ்நாடென்றால் 33. ஜி.எஸ்.டி. தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். போட்டேன். பதிவு ரத்து என்று வந்தது, அதுவும் பயிற்சி நடப்பதற்கு வெகு முன்பே. பதிவு இல்லாதவர் வரி என்று சொல்லி ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. அதுவரை பணத்தைத் திருப்பிக் கேட்டால் பதில் சொல்லாதவர்கள், இதைக் குறிப்பிட்டு பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனதும் 3,240 ரூபாயை மட்டும் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பினார்கள். மீதி 18,000க்கு அடுத்த பயிற்சியில் பாதி தள்ளுபடி தருவார்களாம்! வாட்ஸ்அப் குழுவில் இதைக் கேட்டவுடன் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள்.

இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டிருக்கிறேன். "நீங்க டாக்டர், தொழிலுக்காகப் படிச்சீங்க, நீங்க நுகர்வோரே இல்ல" என்று அவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். இதைக் கேட்டுப் பின்வாங்கிவிடாதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துகிறவர் அதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிற பொருளை வணிக நோக்கம் என்று கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. அது பயிற்சி போன்ற சேவைக்கும் பொருந்துமா என்று ஆணையம் சொல்லட்டும். பயிற்சி புதுச்சேரியில் நடந்தாலும் நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசினால் வழி சொல்கிறார்கள், நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது என்று பார்த்தால், கவுன்சிலின் அனுமதிக் கடிதத்தை முதலில் கேளுங்கள். நிகழ்ச்சியின் பெயர், தேதி, இடம் மூன்றும் அதில் இருக்க வேண்டும், வேறு நிகழ்ச்சியின் கடிதத்தைக் காட்டினால் விட்டுவிடுங்கள். ஆனால் கடிதம் சரியாக இருந்தாலும் வெட் லேப் சரியாக இருந்துவிடாது. மைக்ரோஸ்கோப் எத்தனை, வேலை செய்யும் ஹேண்ட்பீஸ் எத்தனை, எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள், கண் எங்கிருந்து எத்தனை மணிக்கு வருகிறது, என் மேசையில் நிற்கிற சர்ஜன் யார். இதை எழுத்தில் கேளுங்கள். நல்ல பயிற்சி நடத்துகிறவர் கண் வருகிற நேரத்தைக் கேட்டால் கோபப்பட மாட்டார், அவருக்கும் அதே கவலைதான் இருக்கும். "கவலைப்படாதீங்க சார், எல்லாம் ஏ ஒன்" என்று பதில் வந்தால் கிளினிக்கைத் திறந்து வைத்து ஓ.பி. பாருங்கள்.

இப்போது கும்பகோணத்தில் ஒரு 'ஃபேகோ மாஸ்டர் கிளாஸ்' என்று நோட்டீஸ் சுற்றுகிறது. நிறுவனத்தின் பெயர் வேறு, படம் புதுச்சேரி நோட்டீஸில் இருந்த அதே படம், ஒருங்கிணைப்பாளரின் எண்ணும் அதே. அன்று என்னோடு வந்தவர்கள் சான்றிதழ், ரசீது, பழைய நோட்டீஸ் மூன்றின் நகலையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.