டர்பனில் ஹாலோஜனிலிருந்து செனானுக்கு: முகப்பு விளக்கு மாற்றித் தந்த ஒரு பட்டறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் நான், வேலை நிமித்தம் வாரத்தில் இரண்டு முறை என்3 நெடுஞ்சாலையில் ஹோவிக் வரை போய் இரவில் திரும்புகிறேன். ஹில்டனைத் தாண்டி டவுன் ஹில் இறக்கத்தில் மூடுபனி கவிந்துவிட்டால், முன்னே போகும் லாரியின் சிவப்பு விளக்குகூடக் கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். மனைவியின் பிறந்த வீடு டோங்காட்டில் இருப்பதால் ஞாயிறு இரவுகளில் ஆர்102 சாலையிலும் வரவேண்டியிருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, தெருவிளக்கு இல்லாத இடங்களில், கறுப்புச் சட்டையோடு ஓரமாக நடந்து போகிறவர்களை இழை சூடேறி எரியும் என் காரின் பழைய ஹாலோஜன் விளக்கு சரியாகக் காட்டவில்லை. ஒருமுறை அப்படி ஒருவரை மிக அருகில் வந்த பிறகே பார்த்து, நடுங்கிப்போய் வண்டியை ஓரம் கட்டினேன். அதன் பிறகுதான் விளக்கை மாற்றுவது என்று முடிவு செய்தேன். இங்கே டர்பனில் ஒரு சிறிய பட்டறையில் அந்த வேலை முடிந்து எட்டு மாதம் ஆகிறது.

பட்டறைக்குப் போவதற்கு முன் ஒரு தவறு செய்தேன். இணையத்தில் சுமார் 900 ராண்டுக்குக் கிடைத்த, பெயர் தெரியாத செனான் தொகுப்பு (வாயுவில் மின்வில் எரிந்து ஒளிரும் விளக்கு) ஒன்றை வாங்கி, எச்4 வகை ஹாலோஜன் பல்பு இருந்த இடத்தில் அப்படியே மாட்டினேன். வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தபோது பளீரென்று இருந்தது. சாலையில் இறங்கியதும், டிப்பில் (எதிரே வருகிறவரின் கண்ணில் படாதபடி தாழ்த்திய ஒளியில்) போய்க்கொண்டிருந்த என்னைப் பார்த்து எதிரே வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விளக்கை அடித்துக் காட்டினார்கள். மழையில் நனைந்த தாரில் நடுக்கோடு முன்பைவிட மங்கலாகத் தெரிந்தது. ஒளி பெருகியிருந்தும் அது சாலையில் விழாமல் மரக்கிளைகளிலும் பிறர் கண்களிலும் போய் விழுந்தது.

இதற்குக் காரணம் பல்பைவிட அதன் கூட்டில்தான் இருக்கிறது. எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. டிப் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருந்து, கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைத்து, ஒளியைச் சாலைக்குத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியை மட்டும் வேலை செய்ய வைக்கிறது. அந்த இழை எந்த மில்லிமீட்டரில் நிற்கும் என்பதை வைத்தே ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் வடிவமைக்கப்படுகிறது. செனானில் இழையே கிடையாது. குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே சுமார் 4 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மின்வில் எரிகிறது. அதன் வடிவம் வேறு, ஒளி செறிந்திருக்கும் இடமும் வேறு. 1991இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரில் முதன்முதலாகச் செனான் வந்தபோதே அதற்கென்று செய்த விளக்குக்கூட்டோடுதான் வந்தது. ஹாலோஜன் கூட்டில் செனான் பல்பை மட்டும் மாட்டுகிறவர்கள், தாங்கள் பார்ப்பதற்காக எதிரே வருகிறவரின் பார்வையைப் பறிக்கிறார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மூன்று வாரம் அதைத்தான் நானும் செய்தேன்.

பட்டறைக்காரர் அறுபதை நெருங்கும் தமிழர். பேச்சில் ஆங்கிலமே மிகுதி என்றாலும் என்னைத் ‘தம்பி’ என்றுதான் அழைத்தார். “பல்ப் அப்புறம் தம்பி, மொதல்ல வோல்ட் பாப்போம்” என்று சொல்லி, பழைய ஹாலோஜன் பல்பைத் திரும்ப மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்தார். பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தது, பல்புக்கு 12.4 வோல்ட்தான் போய்ச் சேர்ந்தது. மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஹாலோஜனின் ஒளி ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறையும் என்பதை அவர் விளக்கினார். வெயிலில் மஞ்சள் பூத்துப்போன பாலிகார்பனேட் கண்ணாடியையும் விரலால் தடவிக் காட்டி, நகருக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றி, ரிலே என்னும் மின்விசையோடு தடித்த வயர் போட்டு, நல்ல ஹாலோஜன் பல்பு மாட்டினாலே போதும் என்றார். பெரிய வேலையை என் தலையில் கட்டப் பார்க்காமல் சின்ன வேலையை முதலில் சொன்ன அந்த நேர்மைக்காகவே அவரிடம் காரை விட்டேன்.

என் பயணத்தைக் கேட்டறிந்த பிறகு பை-செனான் ப்ரொஜெக்டர் (ஒரே செனான் பல்பால் டிப், ஹை பீம் இரண்டையும் லென்ஸ் வழியாகத் தரும் கூடு) பொருத்துவது என்று பேசி முடித்தோம். நான் இணையத்தில் பார்த்து வைத்திருந்த ப்ரொஜெக்டரை அவர் ஏற்கவில்லை. அது சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. டிப் ஒளியின் மேல்விளிம்பில் ஒரு பக்கம் படிபோல உயரும் கோடு உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்தப் படி இடப்புறம், நடைபாதை பக்கமாக ஏறவேண்டும்; அந்த ப்ரொஜெக்டரிலோ அது வலப்புறம் ஏறி, நேராக எதிரே வருகிறவரின் முகத்தில் அடித்திருக்கும்.

விளக்கைக் கழற்றி, அடுப்பில் மிதமாகச் சூடாக்கி, ஒட்டுப்பசையை இளக்கிக் கண்ணாடியைப் பிரித்தார்கள். உள்ளே ப்ரொஜெக்டரையும் 4300 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) உள்ள டி2எஸ் வகைச் செனான் பல்பையும் பொருத்தினார்கள். நீலம் கலந்த வெளிச்சம் அழகாகத் தெரிந்தாலும் கெல்வின் கூடக்கூட ஒளியின் அளவு குறையும் என்பதால் 6000 கெல்வினை அவர் பரிந்துரைக்கவே இல்லை. பல்பைப் பற்றவைக்கும் கணத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும் என்பதால், பல்புக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் பாலாஸ்ட்டைத் தண்ணீரும் எஞ்சின் சூடும் அண்டாத இடத்தில் முடுக்கி, மின்சாரத்தை நேராகப் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக எடுத்தார்கள்.

கடைசியில் டயர்க் காற்றைச் சரிபார்த்து, என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி, ஒளியின் விளிம்பு விளக்கின் மையத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழும்படி திருகினார். கத்தியால் கீறியதுபோல மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று அந்தக் கோடு சுவரில் நின்றது.

எச்4 பல்பின் டிப் இழை 55 வாட்டில் சுமார் 1000 லூமன் (ஒளியின் அளவு) தரும். டி2எஸ் 35 வாட்டிலேயே 3200 லூமன் தருகிறது. நம் நாட்டுச் சட்டம் டிப் ஒளி 45 மீட்டருக்கும் ஹை பீம் 100 மீட்டருக்கும் சாலையைக் காட்டவேண்டும் என்கிறது. என் பழைய விளக்கு அந்த 45 மீட்டரையே தொட்டிருக்குமா என்று இப்போது சந்தேகப்படுகிறேன். போன மாதம் வெருலம் தாண்டி ஆர்102இல் வரும்போது, தோளில் மூட்டையோடு இடப்புறம் நடந்துகொண்டிருந்த ஒருவரின் செருப்பு முதல் தலை வரை தொலைவிலேயே தெரிந்தது. இடப்புறம் உயரும் அந்தப் படியின் வேலைதான் அது. மின்வெட்டில் தெருவிளக்கும் ரோபோவும் (போக்குவரத்து சிக்னல்) அணைந்துகிடக்கும் ஹிகின்சன் நெடுஞ்சாலையிலும் பதற்றமில்லாமல் ஓட்டுகிறேன். டவுன் ஹில் மூடுபனியில் மட்டும் பெரிய மாற்றமில்லை. அங்கே இன்றும் டிப்பில் மெதுவாகத்தான் இறங்கவேண்டும்.

குறைகளும் உண்டு. இரண்டு நாள் என்று சொன்ன வேலை நான்கு நாள் இழுத்தது. தாமதத்தைத் தொலைபேசியில்கூடத் தெரிவிக்கவில்லை. இரண்டாம் மாதத்தில் இடப்பக்க விளக்குக்குள் நீர்த்திவலை படிந்தது. காசு வாங்காமல் திரும்பப் பிரித்து ஒட்டித் தந்தார்கள். விளக்கு முழு ஒளிக்கு வரச் சில விநாடிகள் பிடிக்கின்றன. மொத்தச் செலவு 8,500 ராண்ட். பழைய காருக்கு இது சின்னத் தொகையல்ல.

முக்கியமான குறை ஒன்று பட்டறையால் தீர்க்க முடியாதது. 2000 லூமனுக்கு மேற்பட்ட விளக்குகளுக்கு ஐரோப்பிய விதிகள் ஒளியின் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் கருவியையும் விளக்குக் கண்ணாடியைக் கழுவும் கருவியையும் கட்டாயமாக்குகின்றன. என் காரில் ஒளியின் உயரத்தைக் கையால் திருப்பி மாற்றும் சிறு சக்கரம்தான் இருக்கிறது. பின்னிருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் அரிசி மூட்டையும் ஏறினால் காரின் மூக்கு நிமிர்ந்து, ஒளிக்கோடும் மேலே ஏறிவிடுகிறது. அதனால் வீட்டுச் சுவரில் பட்டறைக்காரர் சொன்ன உயரத்தில் ஒரு கறுப்பு நாடாவை ஒட்டி வைத்திருக்கிறேன். டோங்காட்டுக்குக் கிளம்பும்போது எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு, கோடு அந்த நாடாவுக்குக் கீழே இறங்கும் வரை சக்கரத்தைத் திருப்பிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.