துருப்பிடித்த எம்ஜிபி ரோட்ஸ்டர்: பிரித்து வேலை பார்க்க ஏற்ற காரா?

என் எம்ஜிபி ரோட்ஸ்டரில், அதாவது இங்கிலாந்தின் எம்ஜி நிறுவனம் செய்த கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் காரில், வேலை ஆரம்பித்து இது மூன்றாவது வருஷம். கார் இப்போது நான்கு சக்கரத்திலும் நிற்கிறது, பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை, ஆனால் இரண்டு கதவுகளும் ஒரு விரலால் தள்ளினாலே சாத்திக்கொள்கின்றன. அந்தக் கதவுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிச் சொந்தக் கையால் புதுப்பிக்க ஆசை, எம்ஜிபி சரிப்படுமா என்று யார் கேட்டாலும் தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். 1962-லிருந்து 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள், அத்தனை வருஷமும் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை, அதனால் ரப்பர் வாஷரிலிருந்து முழு பாடி வரைக்கும் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. முதல் முறை இந்த வேலையில் இறங்குபவருக்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் இல்லை. ஆனால் எந்த எம்ஜிபியை வாங்குகிறீர்கள் என்பதில் கறாராக இருங்கள்.

இன்ஜினைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 1798 சிசி, வார்ப்பிரும்பு பிளாக், ரொம்ப எளிமையான இன்ஜின். என்னுடையது ஜாம் ஆகித்தான் வந்தது. ஸ்பார்க் பிளக் துளைகளில் எண்ணெய் ஊற்றி இரண்டு வாரம் ஊறவிட்டு, கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து அசைத்தே விடுவித்துவிட்டேன். 1964 கடைசியில் கிராங்குக்கு மூன்று பேரிங்குக்குப் பதில் ஐந்து போட்டார்கள், அதற்குப் பிறகு வந்த இன்ஜின் இன்னும் உறுதி. எஸ்யூ நிறுவனத்தின் இரட்டை கார்பரேட்டரையும் பொறுமை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காருக்கு அடியில் தாங்கும் தனிச் சட்டம், அதாவது சேஸிஸ், கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் முதுகெலும்பு, அதுவும் ரோட்ஸ்டருக்கு மேலே கூரையும் இல்லாததால் காரின் நடுப்பகுதி வளையாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் அந்த இரண்டு சில்களே பொறுப்பு. வெளியே தெரிவது ஒரு தகடு. அதற்குப் பின்னால் நடுத்தகடு, அதற்கும் உள்ளே இன்னொன்று, அடியில் கோட்டை மதில் போல ஏறி இறங்கும் ஒரு பட்டை, அதைக் காசில் ரெயில் என்பார்கள். முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறு மட்கார்டின் பின்மூலையில் தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துரு அங்கேயிருந்து சில்லுக்குள் இறங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் ஸ்பாட் வெல்டால் புள்ளி புள்ளியாக ஒட்டிய ஓரங்களை நெம்பிப் பிளந்துவிடும். வெளியே பெயின்டில் இரண்டு கொப்புளம் தெரிந்தால் உள்தகடு ஏற்கெனவே பொடியாகியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் காரில் யாரோ எப்போதோ பழைய சில்லை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேலேயே புதுத் தகடு ஒன்றை ஒட்ட வைத்து, பட்டி போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. கிரைண்டர் வைத்ததும் உள்ளேயிருந்து கை நிறையச் செதில் செதிலாகக் கொட்டியது. சில்லின் இரண்டு முனைகளும் மட்கார்டுகளுக்கு உள்ளே போகின்றன, முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம், பின்பக்கத்தில் வெல்டு செய்திருப்பதால் கீழ்ப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயந்துதான் பலரும் மேலே மூடிவிடுகிறார்கள்.

வெட்டுவதற்கு முன் கதவு இடத்தில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்யுங்கள், ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொடுங்கள். நான் குழாய் வைத்தேன், ஆனால் காரைத் தாங்கிய ஸ்டாண்டுகளைச் சரியான இடத்தில் வைக்கவில்லை. வெல்டு முடித்துக் கதவை மாட்டினால் மேல் இடைவெளி மூன்று மில்லிமீட்டர் குறைந்திருந்தது. ஒரு மாத வேலையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்தேன். இரண்டாம் முறை ஒவ்வொரு நான்கு அங்குல வெல்டுக்கும் ஒரு தரம் கதவை மாட்டிப் பார்த்தேன்.

தகடுகளில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவாகக் கிடைத்த ஒன்றை முதலில் வாங்கினேன், மடிப்பு ஓரம் ஓரிடத்திலும் பொருந்தவில்லை, அதைத் தட்டி நிமிர்த்துவதற்கே இரண்டு நாள் போனது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளை வைத்தே தகடுகள் செய்கிறது, வைத்ததும் உட்கார்ந்துவிட்டன. 1988-லிருந்து முழு பாடியையே புதிதாகச் செய்து தருவதும் அவர்கள்தான், உங்கள் காரில் மிஞ்சியிருக்கும் தகடு ரொம்பக் குறைவு என்றால் அந்த வழியையும் யோசியுங்கள்.

துருவின் மேல் பூசினால் அதைக் கெட்டிப் பூச்சாக மாற்றும் திரவங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தூரிகை எட்டும் இடத்தில் நன்றாகவே வேலை செய்கிறது, இரண்டு தகடு சேரும் மடிப்புக்குள் போகாது, அங்கே வெட்டுவதைத் தவிர வழியில்லை. வெல்டு முடிந்து பெயின்டும் ஆன பிறகு சில்லுக்குள் மெழுகு பீய்ச்சியே ஆக வேண்டும், அதை விட்டால் செய்ததெல்லாம் வீண்.

அப்புறம் பெட்ரோல் டேங்க். கீழே குனிந்து பார்த்தால் புதிது போலத் தெரியும், ஓட்டை விழுவது மேல்பக்கம், டிக்கி தரைக்கும் டேங்குக்கும் நடுவில் சேறு தங்குவதால். இறக்கிப் பார்க்காமல் நம்பாதீர்கள். சீட்டுக்குப் பின்னால் பேட்டரி உட்காரும் பெட்டிகளையும் அப்படியே. 1967-க்கு முந்தைய கார் என்றால் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும், மாட்டும்போது கவனம்.

வாங்கப் போகும்போது காந்தமும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். சில்லின் நீளம் முழுக்கக் காந்தத்தை நகர்த்துங்கள், நழுவும் இடத்தில் பட்டி இருக்கிறது. பிறகு கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், ஜாக்கி வைக்கும் இடத்தில் காரைத் தூக்கி மறுபடி திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மாறினாலோ கதவு உரசினாலோ, விற்பவர் இன்ஜினை எவ்வளவு இனிமையாக ஓட்டிக் காட்டினாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த காரைப் பார்க்கக் கிளம்புங்கள்.