பாளையங்கோட்டையில் நறுமணத் தைல மசாஜுக்கு 18,500 ரூபாய் கட்டி ஏமாந்தோம்: ஓர் எச்சரிக்கை

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து விடுபவர்களிடம் நம்பி உடம்பைக் கொடுத்துப் பழகிய ஊர்க்காரர்கள் நாங்கள் என்பதால், பாளையங்கோட்டையில் உள்ள நறுமணத் தைல மசாஜ் நிலையம் ஒன்றுக்கு, மூட்டு வலியால் அவதிப்படும் என் அம்மாவை அழைத்துச் செல்ல நான் அதிகம் யோசிக்கவில்லை. தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படிகளில் இறங்கி மூன்று வருடம் ஆகிறது என்று அம்மா சொன்னதைக் கேட்ட அங்கிருந்த பெண், தரையிலேயே உட்கார்ந்து, அம்மாவின் முழங்காலை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, பத்தே தடவை வாங்க, அந்தப் படியில நீங்களே இறங்கிக் குளிப்பீங்க" என்றார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அந்தச் சொல்லை நம்பித்தான், பத்து முறை மசாஜுக்கும் வீட்டில் பூச மூன்று குப்பித் தைலத்துக்குமாக 18,500 ரூபாயை அங்கேயே கட்டினேன்.

இரண்டாம் முறை சென்றபோது இலவங்கப்பட்டைத் தைலத்தைக் குப்பியிலிருந்து நேரடியாக முழங்காலில் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். எரிகிறது என்று அம்மா சொல்லியும் நிறுத்தவில்லை. மறுநாள் முழங்கால் முழுவதும் கொப்புளம். இத்தகைய தைலங்களைத் தேங்காய் எண்ணெய் போன்ற ஒன்றில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்குக்கு மேல் போகாமல் கலந்தே பூச வேண்டும் என்றும், பட்டைத் தைலத்துக்கு அந்த அளவுகூட அதிகம் என்றும் தோல் மருத்துவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

நிலையத்தில் கேட்டால், முதலில் "உடம்பில் உள்ள நஞ்சு வெளியேறுகிறது" என்றார்கள். பிறகு மேலாளர் மதுரைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நான்காவது முறை நேரில் போனபோது, ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த "பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியைச் சுட்டிக்காட்டினார்கள். அம்மாவின் காலைப் பிடித்துப் பேசிய அதே பெண் அன்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 18,500 ரூபாய்! அம்மாவின் ஆறு மாத மருந்துச் செலவு அது.

நேற்று இரவு, சுத்தமான லாவெண்டர் என்று தந்த குப்பியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு வைத்தேன். சுத்தமான லாவெண்டர் தைலம் ஆவியாகிப் போயிருக்க வேண்டும். காலையில் பார்த்தால், வடை வைத்த தாள்போல எண்ணெய்க் கறை. கலந்து பூச வேண்டியதைக் கலக்காமல் தேய்த்தவர்கள், சுத்தமாகத் தர வேண்டியதில் ஏதோ எண்ணெயைக் கலந்து விற்றிருக்கிறார்கள்.

விவரமாக எழுத மனம் ஓடவில்லை. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். எதையும் முதலில் முன்கையில் சிறிது பூசி ஒரு நாள் பொறுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் வலிக்குப் பூசும் வின்டர்கிரீன் தைலத்தைத் தொடவே வேண்டாம். ரசீதைத் தொலைக்காதீர்கள், நுகர்வோர் உதவி எண் 1915.