சுமையின் கணக்கு: டிம் ஓபிரையனின் ‘தி திங்ஸ் தே கேரிட்’

அமெரிக்கப் போர்க்கதைகளில் எதை முதலில் வாசிக்கலாம் என்று யார் கேட்டாலும், டிம் ஓபிரையன் எழுதி 1990-இல் வெளிவந்த இந்த நூலையே தயங்காமல் எடுத்துக் கொடுப்பேன். கட்டாயப் படைச்சேர்ப்பில் அழைக்கப்பட்டு, 1969-70-இல் வியட்நாமில் காலாட்படை வீரராக இருந்தவர் அவர். தனித்தனியாகவும் படிக்கக்கூடிய, ஆனால் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் 22 கதைகள் இதில் உள்ளன.

முதல் கதை, சிப்பாய்கள் சுமந்தவற்றை எடையோடு கணக்கிடுகிறது: வானொலிக் கருவி 26 பவுண்டு, இயந்திரத் துப்பாக்கி 23 பவுண்டு, லெப்டினன்ட் ஜிம்மி கிராஸ் பொத்திவைத்திருக்கும், அவன் காதலிக்கும் மார்த்தாவின் கடிதங்கள் 10 அவுன்ஸ். டெட் லாவெண்டர் குண்டடிபட்டு விழும்போது, அவன் சுமந்த தோட்டாக்களின் எடையைச் சொன்ன அதே தொனியில், எடைபோட முடியாத அச்சத்தையும் ஆசிரியர் பட்டியலில் சேர்த்துவிடுகிறார். அந்த வரியைக் கடக்க முடியாமல் பலமுறை நின்றிருக்கிறேன்.

இந்த இடத்துக்கு வந்துசேர அமெரிக்கப் புனைகதைக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. உள்நாட்டுப் போர் முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் பிறந்த ஸ்டீபன் கிரேன், போர்முனையையே காணாமல் 1895-இல் வெளியிட்ட நாவலில், தளபதிகளை ஒதுக்கிவிட்டுப் பயந்தோடும் இளம் சிப்பாயின் மனத்துக்குள் நுழைந்தார். முதல் உலகப் போரில் இத்தாலியில் காயம்பட்ட ஹெமிங்வே, மானம், வீரம், தியாகம் முதலிய சொற்களை நம்ப மறுத்து, ஊர்ப்பெயர்களுக்கும் தேதிகளுக்குமே கண்ணியம் மிஞ்சியிருப்பதாகத் தம் 1929 நாவலில் எழுதினார். ஓபிரையனின் எடைக்கணக்கு அந்த மறுப்பிலிருந்தே கிளைத்தது என்பது என் கருத்து.

நூலின் சிகரம் நார்மன் பௌக்கரின் கதை. போரிலிருந்து திரும்பிய அவன், மனத்திலிருப்பதைக் கேட்க ஆளில்லாமல், அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 அன்று தந்தையின் காரில் ஊர் ஏரியைப் பன்னிரண்டு முறை சுற்றுகிறான். அடுத்த பகுதியில் அவனுடைய தற்கொலைச் செய்தி வருகிறது. கதைசொல்லிக்கும் ஆசிரியரின் பெயரே இருப்பதால் எது நடந்தது என்று நாம் தவிக்க, ஏறத்தாழ எல்லாமே புனைவு என்று பின்னர் அவரே சொல்லிவிடுகிறார். ஆயினும் துயரம் குறையவில்லை.

குறை ஒன்று உண்டு. வியட்நாமியர்களின் குரல் இதில் கேட்பதே அரிது. கொல்லப்பட்ட இளைஞனின் வாழ்க்கையைக்கூடக் கொன்றவனே கற்பனை செய்துகொள்கிறான். சிறுவயதில் அகதியாக அமெரிக்கா வந்த வியட் தான் நுயென் எழுதி, 2016-இல் புலிட்சர் பரிசு பெற்ற ‘தி சிம்பதைசர்’ அதே போரை ஒரு வியட்நாமியன் வாயாலேயே சொல்கிறது. ஓபிரையனை முடித்த கையோடு அதையும் எடுத்து வாசிக்குமாறு பரிந்துரைக்கிறேன்.