‘ரிங்கு’ தொகுப்பு: விளக்காமல் விட்ட பேயும் விளக்கிக் கெடுத்த பேயும்

பிரிட்டனின் ஆரோ வீடியோ நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘ரிங்கு’ ப்ளூ-ரே தொகுப்பில் மூன்று வட்டுகளும் நான்கு படங்களும் இருக்கின்றன. ஹிடேயோ நகாட்டா இயக்கிய ‘ரிங்கு’ (1998), அவரே இயக்கிய ‘ரிங்கு 2’ (1999), நோரியோ சுருதா இயக்கிய முன்கதைப் படமான ‘ரிங்கு 0’ (2000) ஆகியவை முதன்மைப் படங்கள். ஜோஜி ஈடா இயக்கிய ‘ரசேன்’ (1998) கூடுதல் படம் என்ற தகுதியோடு ஓரமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஜப்பானியத் திகில் சினிமாவை உலகம் திரும்பிப் பார்க்கக் காரணமான படத்தைத் துல்லியமான பிரதியில் பார்க்கலாம் என்பதே இதை வாங்குவோர் பலரின் எதிர்பார்ப்பாக இருக்கும். அது ஏமாற்றம் இல்லாமல் நிறைவேறுகிறது. ஆனால் நான்கையும் அடுத்தடுத்துப் பார்த்து முடித்தபின் என் மனத்தில் தங்கியது வேறொன்று. சடாகோ என்ற ஒரே பேயை வைத்து மூன்று இயக்குநர்கள் படம் எடுத்திருக்கிறார்கள். அவளைப் பற்றி எவ்வளவு சொல்லலாம், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதில் அவர்கள் மூவரும் ஒத்துப்போகவில்லை. பேழையின் உண்மையான சுவாரசியம் அந்த முரணில்தான் இருக்கிறது. (படங்களின் முடிவுகளும் இங்கே பேசப்படுகின்றன, இதுவரை பார்க்காதவர்கள் முதல் படத்தை மட்டுமாவது பார்த்துவிட்டு வருவது நல்லது.)

முதலில் படத்தின் தரம். ‘ரிங்கு’ மட்டுமே மூல நெகட்டிவிலிருந்து 4கே தெளிவில் புதிதாகச் சீரமைக்கப்பட்டிருக்கிறது. ஒளிப்பதிவாளர் ஜுனிசிரோ ஹயாஷி அந்தச் சீரமைப்பைப் பார்த்து ஒப்புதல் அளித்திருக்கிறார். கியோஷி குரோசாவாவின் ‘கைரோ’ (2001), நகாட்டாவின் ‘டார்க் வாட்டர்’ (2002) ஆகியவற்றுக்கும் ஒளிப்பதிவு செய்தவர் இவர்தான் என்பதை நினைவில் கொண்டால், அக்கால ஜப்பானியத் திகிலின் முகமாக நாம் கருதும் அந்த ஈரம் படிந்த சாம்பல் நிறத்தில் இயக்குநர்களுக்கு இருக்கும் பங்குக்குக் குறையாத பங்கு இவருக்கும் உண்டு என்பது விளங்கும். ஜப்பானுக்கு வெளியே இந்தப் படத்தைப் பழைய வீடியோ நாடாக்களிலும் தொடக்ககால டிவிடிகளிலும் பார்த்தவர்கள், இருண்ட அறைகளின் மூலைகளை வெறும் கருப்புக் கறையாகவே கண்டிருப்பார்கள். இப்போது அந்த மூலைகளில் சுவரின் நிறமும் அலமாரியின் விளிம்பும் தெரிகின்றன. அங்கே எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்பதும் தெரிகிறது. ஹயாஷி இருட்டுக்குள் எதையும் பதுக்கி வைக்கவில்லை. எல்லாம் தெரிகிற சாதாரண அறையில், வெளிச்சம் கொஞ்சம் போதாமல் இருப்பது மட்டுமே அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

கதையின் மையமான, பார்த்தவரைக் கொல்லும் சபிக்கப்பட்ட வீடியோ நாடாவின் காட்சிகளைப் பளபளப்பாக்கிவிடுவார்களோ என்ற என் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. கண்ணாடி முன் தலைவாரும் பெண், எறும்புகளைப் போல ஊர்ந்து இடம்மாறும் எழுத்துகள், தரையில் தவழும் மனிதர்கள், தலையைத் துணியால் மூடியபடி ஒரு பக்கமாகக் கைநீட்டி நிற்கும் உருவம், கிணறு என்று ஒன்றோடொன்று ஒட்டாத அந்தத் துண்டுகள் கரடுமுரடான துகள்களோடு அப்படியே இருக்கின்றன. படத்தின் பிற பகுதிகள் தெளிவடைந்திருப்பதால், அந்த நாடா வேறோர் இடத்திலிருந்து வந்தது என்ற உணர்வு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தொடக்கக் காட்சியில் இரண்டு பள்ளி மாணவியர் ஒரு வீட்டில் தனியாக இருந்து, பார்த்தவரை ஏழு நாளில் கொல்லும் வீடியோவைப் பற்றிப் பாதி விளையாட்டாகப் பேசுகிறார்கள். தொலைபேசி மணி அடிக்கிறது. இருவரும் உறைந்து நிற்கிறார்கள். அழைத்தது அவர்களில் ஒருத்தியான தோமோகோவின் தாய்தான் என்று தெரிந்து சிரிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் தொலைக்காட்சி தானாக உயிர்பெற்று ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் ஆரவாரத்தைக் கொட்டுகிறது. அதை அணைத்ததும் வருகிற நிசப்தத்தில் நகாட்டா பின்னணி இசையை நிரப்புவதில்லை. தோமோகோ தனியாகச் சமையலறைக்குள் நடக்கும் அந்தச் சில நொடிகளில் நல்ல ஒலிபெருக்கியில் கேட்பது வீட்டின் வெறுமை மட்டுமே. இசையமைப்பாளர் கென்ஜி கவாய் தன் உலோகக் கீறல்களை எங்கே தவிர்த்திருக்கிறார் என்று கவனித்துக் கேட்பதற்காகவே இந்தக் காட்சியை மறுபடி பார்க்கலாம். அந்தப் பெண் திரும்பி எதையோ காண்கிறாள். அவள் முகம் மட்டும் நெகட்டிவாக மாறி உறைகிறது. அவள் கண்டது என்ன என்பதைப் படம் ஒன்றரை மணி நேரம் நமக்குத் தர மறுக்கிறது.

தருகிற இடமும் அதே சிக்கனத்தோடுதான் எடுக்கப்பட்டிருக்கிறது. சாபத்தைத் துப்புத் துலக்கும் பெண் பத்திரிகையாளரின் முன்னாள் கணவர் ரியூஜி, சாபம் நீங்கிவிட்டது என்று எண்ணித் தன் மேசையில் எழுதிக்கொண்டிருக்கும் பகல் வேளையில் தொலைக்காட்சி தானாக இயங்கத் தொடங்குகிறது. கிணற்றிலிருந்து வெண்ணிற உடை அணிந்த சடாகோ ஏறி வருகிறாள். நடையில் தாளம் தப்பியிருக்கிறது. திரையின் விளிம்பைக் கடந்து அறைக்குள் தவழ்கிறாள். நடிகை ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அந்தப் படச்சுருளைப் பின்னிருந்து முன்னாக ஓட்டியதால் கிடைத்த நடை அது. நகம் இல்லாத விரல்கள் தரையைப் பற்றுகின்றன. இறுதியில் கூந்தலின் இடுக்கில் தெரிவது கீழ்நோக்கித் திரும்பிய ஒற்றைக் கண் மட்டும்தான். முகம் கடைசிவரை கிடையாது. 1825இல் நான்போகு எழுதிய ‘யோத்சுயா கைதான்’ கபுகி நாடகத்தில் நஞ்சால் உருக்குலைந்து கூந்தல் கொத்துக்கொத்தாக உதிர நிற்கும் ஓஇவா, கிணற்றில் வீசப்பட்டு அங்கிருந்தே தட்டுகளை எண்ணும் ஓகிகு என்று ஜப்பானியர் தலைமுறைகளாக அறிந்த பெண் பேய்களின் உடையையும் கூந்தலையும் கிணற்றையும் எடுத்து, வரவேற்பறையின் தொலைக்காட்சிக்குள் வைத்ததே நகாட்டாவும் திரைக்கதையாசிரியர் ஹிரோஷி தகஹாஷியும் செய்த பெரிய காரியம்.

தகஹாஷியின் பங்கு பொதுவாகக் குறைத்தே பேசப்படுகிறது. கோஜி சுசுகியின் 1991ஆம் ஆண்டு நாவலில் துப்புத் துலக்குபவர் ஒரு ஆண் பத்திரிகையாளர். சாபத்துக்கும் பெரியம்மைக் கிருமிக்கும் இடையே ஒரு மருத்துவத் தொடர்பு கட்டப்பட்டிருக்கும். திரைக்கதை அவரை ரேய்கோ என்ற பெண்ணாக, மணவிலக்கு பெற்ற தாயாக மாற்றிவிட்டு, கிருமி பற்றிய விளக்கத்தை அடியோடு நீக்கியது. சடாகோவின் தாய் ஷிசுகோவின் கதைக்குப் பின்னால் உண்மை வரலாறு ஒன்றும் உண்டு. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் தோமோகிச்சி புகுராய், மறைந்திருப்பதைக் காணும் ஆற்றல் உள்ளவர் என்று சொல்லி சிசுகோ மிஃபுனே என்ற பெண்ணை 1910இல் அறிஞர்கள் முன் சோதனைக்கு உட்படுத்தினார். ஏமாற்று என்ற ஐயம் எழுந்தது. அடுத்த ஆண்டு அப்பெண் நஞ்சருந்தி இறந்தார். படத்தில் ஷிசுகோவைப் பத்திரிகையாளர்கள் கூடி நின்று தூற்றும் காட்சி ஒரு நிமிட அளவில் வந்து போகிறது. அதற்கு மேல் எவரும் எதையும் விளக்குவதில்லை. சாபத்திலிருந்து தப்ப ரேய்கோ தானாக யூகித்துக்கொள்ளும் ஒரே விதி, நாடாவைப் படியெடுத்து வேறொருவருக்குக் காட்ட வேண்டும் என்பதே. நாடாவைப் பார்த்துவிட்ட மகனைக் காப்பாற்றத் தன் தந்தையிடம் அதைக் கொண்டுசெல்ல அவள் காரில் புறப்படுவதோடு படம் முடிகிறது. சடாகோ திரையைவிட்டு வெளியே வருவதைக் காட்டிலும் எனக்கு அந்தப் பயணமே கொடூரமாகப் படுகிறது.

இனி ‘ரசேன்’. 1998 ஜனவரி 31 அன்று ‘ரிங்கு’வோடு இரட்டைக் காட்சியாக இது வெளியானது என்பதை அறியாமல் பார்ப்பவர்களுக்கு, ஏதோ ஒரு பிற்காலப் போலிப் படம் போலத் தோன்றக்கூடும். நாவல் வரிசையின் இரண்டாம் பகுதியை ஒட்டிய இதில், மகனை இழந்த மருத்துவர் ஆண்டோ, தன் பழைய நண்பரான ரியூஜியின் உடலையே பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டிவருகிறது. அந்தத் தொடக்கம் உண்மையிலேயே வலுவானது. கோயிச்சி சாட்டோ துயரத்தை அடக்கி நடித்திருக்கும் விதமும் நன்று. அதன்பின் கிருமி, மரபணு, மறுபிறப்பு என்று படம் விளக்கத் தொடங்குகிறது. விளக்க விளக்க, சடாகோ பேய் என்ற நிலையிலிருந்து ஒரு நோயின் பெயராகச் சுருங்குகிறாள். ரசிகர்கள் இதை ஏற்கவில்லை. தயாரிப்பாளர்களும், இப்படி ஒன்று வந்ததே இல்லை என்பதுபோல, அடுத்த ஆண்டே நகாட்டாவை வைத்து வேறொரு இரண்டாம் பாகத்தை எடுத்தார்கள். இதைத் தொகுப்பிலிருந்து விலக்கியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், சேர்த்ததுதான் சரி. ஒரே நாளில் ஒரே அரங்கில் வெளியான இரண்டு படங்களுள் ஒன்று ஏன் நிலைத்தது, மற்றொன்று ஏன் மறைந்தது என்பதை இதைப் பார்க்காமல் புரிந்துகொள்வது கடினம்.

‘ரிங்கு 2’ பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சடாகோவின் மண்டையோட்டின் மீது களிமண்ணால் முகத்தை மீட்டுருவாக்கும் காட்சியும், கிணற்றின் சுவரில் அந்தக் களிமண் முகத்தோடு அவள் பல்லிபோல் விரைந்து ஏறிவரும் காட்சியும் மறக்க முடியாதவை. இடையில் வரும் மருத்துவமனைச் சோதனைகளும் தண்ணீரில் சாபத்தைக் கரைக்கும் திட்டமும், ‘ரசேன்’ விழுந்த அதே குழியை நோக்கி நகாட்டாவையும் இழுத்துச் செல்கின்றன. அவர் முழுதாக விழவில்லை, விளிம்பில் நிற்கிறார். இதன் பிரதி, சீரமைக்கப்பட்ட முதல் படத்தின் அருகில் வைத்துப் பார்க்கையில் மென்மையாகவே இருக்கிறது. ‘ரசேன்’, ‘ரிங்கு 0’ ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

தொகுப்பில் நான் எதிர்பாராமல் ரசித்த படம் ‘ரிங்கு 0’. இதன் இயக்குநர் நோரியோ சுருதாவை அறிமுகப்படுத்தாமல் ஜப்பானியத் திகிலின் வரலாற்றைச் சொல்ல முடியாது. 1991இல், திரையரங்குக்குப் போகாமல் நேராக வாடகை வீடியோக் கடைகளுக்குப் போன ‘உண்மையில் நடந்த திகில் கதைகள்’ என்ற தொடரை, சியாகி கோனாகாவின் எழுத்தில் இவர் இயக்கினார். பேயை நடுத்திரையில் கொண்டுவந்து அலறவைக்காமல், அறையின் பின்புறத்தில், அசையாமல், குவியம் சற்று தப்பிய நிலையில் நிற்கவைப்பது என்ற முறையை அந்தச் சிறு படங்கள் பழக்கின. நகாட்டா, தகஹாஷி, குரோசாவா ஆகியோர் படங்களில் பின்னர் நாம் காணும் பேய்கள் அந்த வழியில் வந்தவை. குரோசாவாவும் தகஹாஷியும் கற்பித்த திரைப்படப் பள்ளியில் பயின்ற தகாஷி ஷிமிசு, 2000இல் ‘ஜு-ஆன்’ படத்தையும் நேரடி வீடியோவாகவே தொடங்கினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உலகை அச்சுறுத்திய இந்த அலை மலிவான வாடகை நாடாக்களிலிருந்து எழுந்தது என்று சொல்வதில் தவறில்லை.

அப்படிப்பட்ட சுருதா, தான் முன்னோடியாக இருந்த முறையைத் தானே ஒதுக்கிவைத்துவிட்டு ‘ரிங்கு 0’வை எடுத்திருக்கிறார். முதல் படத்துக்கு முப்பது ஆண்டு முந்தைய டோக்கியோவில், ஒரு நாடகக் குழுவில் சேர்ந்த கூச்ச சுபாவமுள்ள இளம்பெண்ணாக இதில் சடாகோ வருகிறாள். அவளாக நடித்த யுகியே நகாமா, பிறர் தன்னைக் கண்டு அஞ்சுவதை உணர்ந்த ஒருத்தியின் ஒடுக்கத்தைத் தோள்களிலேயே காட்டிவிடுகிறார். இங்கும் விளக்கம் உண்டு. ஆனால் ‘ரசேன்’ போல அறிவியலை இது நாடவில்லை. அந்தப் பெண்ணின் வாழ்க்கையைத்தான் விளக்குகிறது. அவளை வேட்டையாடத் துணியும் குழுவினர்மீது நமக்குக் கோபம் வரும் அளவுக்குப் படம் பக்கம் மாறுகிறது. பயத்தின் அளவில் முதல் படத்துக்குப் பக்கத்தில் நிற்காது. அதை எதிர்பார்த்து வருபவர்கள் முதல் ஒரு மணி நேரத்தில் பொறுமை இழப்பார்கள். கடைசி இருபது நிமிடங்களில் காட்டுக்குள் நடக்கும் துரத்தலும், அதன்பின் வரும் கிணறும் அவர்களையும் உட்காரவைத்துவிடும்.

கூடுதல் இணைப்புகளில் கோஜி சுசுகியின் பழைய பேட்டியும், ஜப்பானியத் திகில் அலையைப் பற்றிய ஜாஸ்பர் ஷார்ப்பின் காணொளிக் கட்டுரையும் நேரம் ஒதுக்கிப் பார்க்கத் தக்கவை. மற்றவை பெரும்பாலும் மேலை விமர்சகர்களின் ரசனைப் பேச்சு. தயாரிப்பாளர் தகாஷிகே இச்சிசே, ஒளிப்பதிவாளர் ஹயாஷி, திரைக்கதையாசிரியர் தகஹாஷி போன்றவர்களை விரிவாகப் பேசவைத்திருந்தால் இந்தப் பேழையின் பெறுமதி இரட்டித்திருக்கும். வசனத் துணையுரை ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. வட்டுகளின் மண்டலக் குறியீடு தங்கள் இயக்கிக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்குவது அவசியம்.

முதல் படத்தை மட்டும் விரும்புகிறவர்களுக்கு அதன் தனி வெளியீடே போதும். நான்கையும் பார்க்கத் துணிபவர்களுக்கு என் பரிந்துரை, வெளியான வரிசையை அப்படியே பின்பற்றுவதுதான்: ‘ரிங்கு’ முடிந்ததும் சற்றும் தாமதிக்காமல், 1998இல் அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் பார்த்ததுபோல், ‘ரசேன்’ஐ ஓடவிட வேண்டும், ‘ரிங்கு 2’ஐ வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கலாம், ‘ரிங்கு 0’வைக் காலவரிசைப்படி முதலில் பார்க்கும் ஆசை எழுந்தால் அதைக் கட்டாயம் அடக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் யுகியே நகாமாவின் முகத்தை முன்கூட்டியே அறிந்துவிட்டவருக்கு நகாட்டா மறைத்துவைத்த முகம் மறைவாக இருக்காது.