சுங்கை சிப்புட்டில் சோலார் பொருத்தும் கடை: கைவேலை சுத்தம், கணக்குதான் பெரிசு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பெரிய சாலையில் இருக்கும் இந்தக் கடையின் கூரை வேலையைத் தாராளமாகப் பாராட்டலாம். ஓட்டுக் கூரையில் சோலார் பலகையைத் தாங்கும் கொக்கி மாட்டும் இடத்தில் ஓட்டின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் ராவி, பள்ளம் செய்துதான் உட்கார வைக்கிறார்கள். ராவாமல் திணித்தால் பலகையின் பாரத்தில் ஓடு விரிசல் விடும். அடுத்த பெருமழைக்கு சீலிங் ஒழுகும். ஒரு பலகை கிட்டத்தட்ட 28 கிலோ, மறக்க வேண்டாம்.

கம்பி இணைப்பும் ஒழுங்கு. இரு முனையிலும் ஒரே நிறுவனத்தின் இணைப்பான்தான். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று வேறு வேறு தயாரிப்பை மாட்டினால், தொடும் இடம் சரியாகப் பொருந்தாமல் சூடேறும். கூரைத் தீக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். இடி அதிகம் விழும் நம் பக்கத்துக்கு மின்னல் தடுப்பான் இரண்டு பக்கமும் வேண்டும்: பலகைப் பக்கம் ஒன்று, வீட்டு மின்பெட்டிப் பக்கம் ஒன்று. இவர்கள் முதலாவதை மட்டும் விலையில் சேர்க்கிறார்கள். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

குறை இன்வெர்ட்டரில், அதாவது பலகை தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டியில். மேற்குப் பார்த்த தகரச் சுவரில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். மத்தியான வெயிலில் சூடு ஏறியதும் அது தானாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். நிழல் சுவர் கேளுங்கள், கம்பி கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

பெரிய குறை அளவில். எல்லாருக்கும் 5 கிலோவாட் என்கிறார்கள். இங்கே ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு சுமார் 3.6 யூனிட் என்று வைத்தால், 5 கிலோவாட் மாதம் 540 யூனிட் தரும். மாதம் 350 யூனிட் ஓடும் வீட்டுக்கு எதற்கு? மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளும் பழைய நெம் (NEM) திட்டம் 2025 ஜூன் 30-ஓடு முடிந்தது. அதற்கடுத்து வந்த சோலார் அத்தாப் (Solar ATAP) திட்டத்தில் மிஞ்சும் வரவு அடுத்த மாதத்துக்கு ஏறாது. 3 கிலோவாட் போதும். கரண்டு போனால் பேட்டரி இல்லாத அமைப்பும் கூடவே நின்றுவிடும் என்பதையும் விற்பவர் சொல்வதில்லை.

தனி வீட்டைத் தவிர வேறு எதற்கும் இவர்களிடம் திட்டம் இல்லை என்பதுதான் எங்களுக்கு வருத்தம். உக்ரைனில் ஸ்லாவுத்திச் என்றொரு சிறு நகரம். 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு, ஆலையை ஒட்டிய பிரிப்யாத் நகரை விட்டு வெளியேறிய அணுமின் ஊழியர்களுக்காக எட்டு சோவியத் குடியரசுகளின் தொழிலாளர்கள் சேர்ந்து கட்டியது. 2000 டிசம்பரில் கடைசி உலையும் மூடியது; ஒரே ஆலையை நம்பிய ஊர் பிழைப்புக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அங்கே பங்கு போட்டு ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நகராட்சிக் கட்டடக் கூரைகளில் பலகை பதித்தார்கள். நமக்கு இது புதுசா என்ன? பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலின்போது, 1960-இல், தொழிலாளர்களே மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கலாம் என்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். நம் ஊர்ப் பொது மண்டபக் கூரையோ வெறுமனே காய்கிறது.

மண்டபத்துக்குக் கேட்பதானால் இரண்டு விஷயம். வார இறுதியில் மட்டும் விளக்கெரியும் கட்டடத்தில் அளவை இன்னும் குறைக்க வேண்டும். விண்ணப்பம் தெனாகா (மின்சார நிறுவனம்) கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் போகும். பழைய தலைவர் பெயரிலேயே பில் வந்துகொண்டிருந்தால், முதலில் அதை மாற்றிவிட்டுக் கடைக்குப் போங்கள்.